நியூ ஆர்லியன்ஸின் பழைய கிரியோல் உணவகத்துக்கு அம்மா அப்பாவோடு போகலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஓர் உணவகத்தின் பெயர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இரண்டு நாள் தங்குகிறீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும் கூட வருகிறார்கள். அப்பா மீன் சாப்பிடுவார், அம்மா முட்டையைக்கூடத் தொடாத சைவம். நூறு ஆண்டு கண்ட கிரியோல் உணவகம் ஒன்றில் ஒரு வேளை சாப்பிடுவது கொடுக்கிற காசுக்குத் தகுமா, தகும் என்றால் எங்கே போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அங்கே எங்களைப் போன்றவர்கள் கூச்சமில்லாமல் உட்கார முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: முடியும். ஆனால் அது அந்தச் சமையலைப் பற்றி எவ்வளவு படித்துவிட்டுப் போகிறீர்கள் என்பதில் இல்லை. உங்கள் மேசைக்கு வரும் சர்வரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கேட்டரிங் படித்தேன். பிறகு 11 ஆண்டுகள் நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் தட்டு எடுத்து, தண்ணீர் ஊற்றும் துணையாள்; அதன் பிறகு சர்வர். அடுப்படியில் நின்று சமைத்தவன் அல்ல. ஆகவே மேசை, பரிமாறல், வாடிக்கையாளர் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். சமையலைப் பற்றிச் சொல்வதெல்லாம் அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. ஊரைவிட்டு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. விலையையும் திறந்திருக்கும் நாட்களையும் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரியோல் என்ற சொல்லே பலரைக் குழப்பும். ரீயூனியன், மொரீஷியஸ் தீவுகளிலும் கிரியோல் சமையல் உண்டு. அங்கே கூலிகளாகப் போன தமிழர்களின் கறிவேப்பிலையும் மசாலாவும் அதில் கலந்திருக்கின்றன. அதை நினைத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்துக்கு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே கிரியோல் என்றால் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பிரெஞ்சு, ஸ்பானிய வழிவந்த வெள்ளையரும் அதில் உண்டு. ஆப்பிரிக்க வழிவந்தோரும் கலப்பினத்தவரும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய ஊர். பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஸ்பெயினின் கையில் இருந்தது. 1803இல் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. இத்தனை கைகள் மாறிய துறைமுக நகரத்தின் சமையல்தான் கிரியோல். வெண்ணெய், கிரீம், தக்காளி, மெக்சிகோ வளைகுடாவின் சிப்பி, நண்டு, இறால் ஆகியவை அதன் ஆதாரம். பலரும் இதோடு சேர்த்துச் சொல்லும் கேஜன் சமையல், 1755 முதல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து விரட்டப்பட்ட அக்கேடியர்களின் நாட்டுப்புறச் சமையல். இன்று இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன. கறாராகக் கோடு கிழிப்பவர்களை நான் நம்புவதில்லை.

இனி சர்வர் பற்றி. 1840இல் மார்செய் நகரத்திலிருந்து வந்த ஆன்ட்வான் அல்சியாடோரே தொடங்கிய ஆன்ட்வான்ஸ், 1905இல் ஜான் கலட்வார் தொடங்கிய கலட்வார்ஸ், 1918இல் அர்னோ காஸநாவ் தொடங்கிய ஆர்னோஸ் ஆகிய மூன்றும் நீங்கள் கேட்கும் அந்தப் பழைய பாணிக்கு இன்றும் நிற்கும் சாட்சிகள். இவற்றில் உள்ளூர்க் குடும்பங்களுக்கு 'எங்கள் சர்வர்' என்று ஒருவர் இருப்பார். மேசை பதியும்போதே அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். தாத்தாவுக்குப் பரிமாறியவரே பேரனின் திருமண நிச்சய விருந்துக்கும் பரிமாறுவார். அவர் ஓய்வுபெறும்போது இன்னொருவரிடம் அந்தக் குடும்பத்தைக் கைகாட்டிவிட்டுப் போவார். ஆன்ட்வான்ஸின் உணவுப் பட்டியல் பல பத்தாண்டுகள் விளக்கமே இல்லாமல் முழுக்கப் பிரெஞ்சு மொழியில்தான் இருந்தது. அதை ஆணவம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு நீங்களே தேர்ந்தெடுப்பது என்ற எண்ணமே அங்கே கிடையாது. இன்று எந்த மீன் புதிதாக வந்தது, எந்த சாஸ் இன்று நன்றாக வாய்த்திருக்கிறது என்பது சர்வருக்குத்தான் தெரியும். அவர் சொல்ல, நீங்கள் தலையாட்ட வேண்டும்.

ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். உட்கார்ந்ததும் பட்டியலை மூடி வையுங்கள். சர்வரின் பெயரைக் கேளுங்கள். முதல் முறை வருகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு செலவழிக்க நினைக்கிறீர்கள், யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட்டு, நீங்களே பார்த்துக் கொண்டுவாருங்கள் என்று விட்டுவிடுங்கள். தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ள முயன்று, கடைசியில் தமக்குப் பிடிக்காத தட்டின் முன்னால் மௌனமாக உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொன்னவர்களுக்கு நாங்கள் ஓடி ஓடிச் செய்வோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த சர்வர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே கூடத்தில் நின்றவர். மேசையில் மிகவும் தயங்குபவர் யார் என்று முதலில் பார், அவரிடமிருந்து தொடங்கு என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். உங்கள் மேசையில் அது அம்மாவாக இருக்கும்.

என்ன வரும் என்று கொஞ்சமாவது தெரிந்திருந்தால் அப்பாவுக்கு உற்சாகமாக இருக்கும். முதலில் சூஃப்லே உருளைக்கிழங்கு கேளுங்கள். மெல்லிய வில்லைகளாகச் சீவி, மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து எடுத்து ஆறவைத்து, பிறகு நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மறுபடி போடுவார்கள். உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி, வில்லை பூரி போல உப்பி நிற்கும். கையில் எடுத்தால் எடையே இருக்காது. ரயில் தாமதமாக வந்ததால் பிரெஞ்சு மன்னரின் சமையற்காரர் உருளைக்கிழங்கை இரண்டாம் முறை பொரிக்க நேர்ந்தது, அதில்தான் இது பிறந்தது என்று ஒரு கதையை உங்கள் சர்வர் சொல்லக்கூடும். ரசித்துக் கேளுங்கள், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிறப்புக் கதை இருக்கிறது, அவற்றில் பாதிக்குச் சான்று கிடையாது. ஆன்ட்வான்ஸின் புகழ்பெற்ற ராக்கஃபெல்லர் சிப்பி 1899இல் நிறுவனரின் மகன் ஜூல் அல்சியாடோரே உருவாக்கியது. பிரான்சிலிருந்து வரும் நத்தைக்குத் தட்டுப்பாடு வந்தபோது உள்ளூர்ச் சிப்பியைப் பயன்படுத்தினார் என்பது அந்தக் குடும்பமே சொல்லும் கதை. அதன் மேல் பூசும் பச்சைச் சாந்தின் செய்முறையை அவர்கள் இன்றுவரை வெளியிடவில்லை. பசலைக்கீரை இல்லை என்று மட்டும் சொல்கிறார்கள். மற்ற ஊர்களில் அதே பெயரில் பரிமாறப்படுவது பெரும்பாலும் கீரையோடுதான் வரும்.

கம்போ என்னும் குழம்பை மட்டும் தவறவிட வேண்டாம். மாவையும் எண்ணெயையும் ஏறக்குறைய சம அளவில் எடுத்து, கைவிடாமல் கிளறி, செம்பழுப்பாகும் வரை வறுப்பார்கள். இதற்கு ரூ என்று பெயர். முக்கால் மணி நேரம்கூட ஆகும். நிறம் ஏற ஏற மணம் கூடும், குழம்பைக் கெட்டியாக்கும் சக்தி குறையும். ஒரு பொட்டு கருகினாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கி, சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு, நடுவில் சோறு வைத்துப் பரிமாறுவார்கள். கம்போ என்ற பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் 'கிங்கோம்போ' என்ற ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சாக்டா பழங்குடியினர் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் இலைப்பொடிக்கு வைத்திருந்த பெயர் என்று வாதிடுபவர்களும் உண்டு. பெயர் எங்கிருந்து வந்திருந்தாலும் வெண்டைக்காயும் அந்த இலைப்பொடியும் இன்றும் கம்போவில் இருக்கின்றன. வெண்டைக்காய் வழுவழுப்போடு இறால் குழம்பும் சோறும் என்றால் உங்கள் அப்பாவுக்கு அந்நியமாகவே இருக்காது.

மீனைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. பட்டியலில் ட்ரவுட் என்று இருப்பது மலை நீரோடை மீன் அல்ல. வளைகுடாக் கரையோரத்தில் பிடிபடும் புள்ளி மீன், நம் கத்தாளை மீனின் குடும்பம். வெண்ணெயில் பொரித்து, மேலே பாதாம் சீவலோ எலுமிச்சை வெண்ணெயோ ஊற்றித் தருவார்கள். சுவை நயமானது, காரம் மிகக் குறைவு. கிரியோல் என்றால் நாக்கு எரியும் என்பது வெளியூர்க்காரர்களின் நினைப்பு. மிளகாய்ச் சாறுப் புட்டியைக் கேட்டால் தருவார்கள், ஆனால் ருசி பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஒபாமா 2008இல் டூக்கி சேஸ் உணவகத்தில் கம்போவில் மிளகாய்ச் சாற்றை ஊற்றப்போய், அங்கே சமைத்துக்கொண்டிருந்த லியா சேஸ் அம்மையாரிடம் திட்டு வாங்கினார்.

அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் கிரியோல் உணவகம் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிரெஞ்சு குவார்ட்டரின் பெரிய உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சுப் பெயர்கள் இருக்கின்றன. உள்ளே ரூவைக் கிளறிய கைகளில் மிகப் பல கறுப்பினச் சமையற்காரர்களின் கைகள். அவர்கள் அங்கே சமைக்கலாம், பரிமாறலாம். 1964இல் இன ஒதுக்கலைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1923இல் பிறந்த லியா சேஸும் இளம் வயதில் பிரெஞ்சு குவார்ட்டரில் பரிமாறும் வேலை பார்த்தவர்தான். பிறகு டூக்கி சேஸ் குடும்பத்தில் மருமகளாக வந்தார். 1941இல் தொடங்கிய அந்தச் சிறிய கடையை, வெள்ளைத் துணி விரித்த மேசைகளோடு, கறுப்பினத்தவரும் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிடும் கூடமாக மாற்றினார். இரு இனத்தவரும் ஒரே மேசையில் உட்காருவதைச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், அவருடைய மாடியறையில் சிவில் உரிமைப் போராளிகள் கம்போ சாப்பிட்டுக்கொண்டே திட்டம் தீட்டினார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே வந்திருக்கிறார். 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் கடையை மூழ்கடித்தபோது அம்மையாருக்கு 82 வயது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கதவு மறுபடி திறந்தது. 2019இல் காலமாகும் வரை அடுப்படியோடுதான் இருந்தார். ஈஸ்டருக்கு முந்தின புனித வியாழனன்று அங்கே வைக்கும் பல கீரைக் கம்போவுக்காக ஊரே வரிசையில் நிற்கும். சுவரெல்லாம் கறுப்பின ஓவியர்களின் படங்கள். நீங்கள் இரண்டு நாள் இருக்கப்போவதால் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கூச்சமில்லாமல் உட்காருவது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அந்தக் கூச்சம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் உருவாக்கிய கூடம் அது.

அம்மாவின் சாப்பாடு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சுத்த சைவத்துக்கு இது கடினமான சமையல். பன்றி இறைச்சி எதிர்பாராத இடத்தில் இருக்கும். நான் சர்வராகி முதல் சில மாதங்களில் ஒரு குஜராத்திக் குடும்பத்துக்குச் சிவப்பு பீன்ஸ் சோற்றைச் சைவம் என்று சொல்லிக் கொண்டுபோய் வைத்தேன். இறைச்சித் துண்டு எதுவும் கண்ணில் படவில்லை. சமையற்காரரிடம் கேட்காமலே நானாக முடிவு செய்திருந்தேன். மூத்த சர்வர் ஓடிவந்து தட்டைத் திரும்ப எடுத்தார். பீன்ஸை வேகவைத்ததே பன்றி எலும்போடு. அந்தக் குடும்பத்தின் பாட்டி ஒரு வாய் சாப்பிட்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: மேலே சொன்ன பல கீரைக் கம்போவிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு, காய்கறி சூப்பிலும் எலும்புச் சாறு இருக்கலாம். முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். மேசையில் சைவம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அடுப்படியில் கேட்டுவரச் சொல்லுங்கள். நல்ல சர்வர் இதைத் தொந்தரவாக நினைக்கமாட்டார். சூஃப்லே உருளைக்கிழங்கை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், அதே எண்ணெயில் மீனும் போடுகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். கூட வரும் பேர்னேஸ் சாஸில் முட்டை உண்டு, அதை விலக்கிவிடுங்கள். கலட்வார்ஸில் கத்தரிக்காயை நீளமாக வெட்டிப் பொரித்து, பொடித்த சர்க்கரையும் மிளகாய்ச் சாறும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். கேட்கும்போது விநோதமாக இருக்கும், ஆனால் இனிப்பும் காரமும் அதில் நன்றாகக் கூடும். மேல்மாவில் முட்டை சேர்க்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டாணி அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிப் பொரித்துப் பூண்டு வெண்ணெயில் புரட்டும் உருளைக்கிழங்கும், அந்த ஊருக்கே உரிய மொறுமொறு ரொட்டியும் சேர்ந்தால் அம்மாவுக்கு வயிறு நிறையும். விருந்து என்று சொல்லிவிட முடியாது.

எந்த நாள் போவது என்பதும் முக்கியம். கலட்வார்ஸின் வெள்ளிக்கிழமை மதியம் ஊர்ப் பிரசித்தம். கீழ்த்தளத்தில் முன்பதிவு இல்லாத வழக்கத்தால், காலையிலிருந்தே வரிசையில் நிற்பார்கள். காசு கொடுத்து ஆள் நிறுத்துவோரும் உண்டு. கண்ணாடி பதித்த சுவர்களுக்கு நடுவே மேசைக்கு மேசை நலம் விசாரித்துக்கொண்டு, பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டு, மதியச் சாப்பாட்டை இரவுச் சாப்பாடு வரை இழுப்பார்கள். ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் வயதானவர்களோடு வேண்டாம்; பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. வார நடுவில் ஒரு மதியம், எது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, ஆன்ட்வான்ஸுக்கோ கலட்வார்ஸுக்கோ போங்கள். மதியத்தில் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்துக் குறைந்த விலையில் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஆன்ட்வான்ஸில் பத்துக்கும் மேற்பட்ட உணவுக்கூடங்கள் இருக்கின்றன. கூட்டம் குறைந்த பிறகு சுற்றிப் பார்க்கலாமா என்று சர்வரிடம் கேளுங்கள். மார்டி கிரா என்னும் திருவிழாவை நடத்தும் ஊர்வலச் சங்கங்களின் மகுடங்களும் படங்களும் வைத்த அறைகளை மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

உடையில் பெரிய கவலை வேண்டாம். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. காலர் வைத்த சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். கலட்வார்ஸில் மாலை 5 மணிக்கு மேலும், ஞாயிறு முழுவதும் ஆண்களுக்குக் கோட்டு கட்டாயம்; கொண்டுவராதவர்களுக்கு அங்கேயே இரவல் தருவார்கள். அம்மா பட்டுப்புடவையில் வந்தால் அந்தக் கூடத்திலேயே பொருத்தமாக உடுத்தியவர் அவராகத்தான் இருப்பார். பில்லின் மேல் வரி 10 சதவீதத்தை ஒட்டி வரும். அதற்கு மேல் 20 சதவீதம் சர்வருக்கு வைக்க வேண்டும். இதை இனாமாக நினைக்காதீர்கள். அங்கே சர்வரின் வருமானமே பெரும்பாலும் அதுதான், அதிலிருந்துதான் துணையாளுக்கும் பங்கு போகும்.

காசுக்குத் தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தட்டில் இருப்பதை மட்டும் எடைபோட்டால், அதே ஊரில் இதைவிட நன்றாகச் சமைக்கும் புதிய கடைகள் இருக்கின்றன. பழைய கடைகளில் சில நாள் மீன் அதிகமாகப் பொரிந்திருக்கும், சாஸ் கனமாக இருக்கும். நானே அப்படிப்பட்ட தட்டுகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஆனால் எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லாத மூன்று மணி நேரம், உங்கள் அப்பாவுக்காக மீனின் முள்ளை ஒரு சர்வர் பொறுமையாக நீக்கித் தருவது, கேட்காமலே அம்மாவின் தட்டுக்கு இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் வந்து சேர்வது ஆகியவை புதிய கடைகளில் அபூர்வம். அப்படி மேலதிகமாகத் தருவதற்கு அந்த ஊரில் 'லான்யாப்' என்று ஒரு சொல் உண்டு. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் பிறந்து ஸ்பானியர் வழியாக வந்த சொல். நம் கொசுறுதான் அது. இந்த வகைச் சாப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பெற்றோருக்கும் தெரியும். எனவே என் பதில், தகும்.

கடைசியில் காபி. துறைமுகம் முற்றுகையிடப்பட்டுக் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிக்கரி கலப்பது நியூ ஆர்லியன்ஸில் வேரூன்றியது; தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் ஊர்க்காரர்கள் விடவில்லை. விளக்கை மங்கலாக்கி, ஆரஞ்சுத் தோலின் மேல் நெருப்பு வழியவிட்டுச் செய்யும் காஃபே ப்ரூலோ பார்க்க அழகு, ஆனால் அது பிராந்தியில் செய்வது. எரித்தாலும் மது முழுவதும் போய்விடாது. அம்மாவுக்கு அது வேண்டாம். சிக்கரி கலந்த காபி இருக்கிறதா என்று கேட்டு, சூடான பாலைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாலை அம்மாவே கலந்துகொள்ளட்டும்.